சாயா போட்ட தேனீக்காரன்

கடற்கரை ஊரான இனயத்தில் பிறந்த ஆண்பிள்ளை கடலுக்குப் போகவில்லை என்றால் அதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்க வேண்டும். ததேயுசுக்கு அந்தக் காரணம் அவன் வயிறு. வள்ளம் கரையை விட்டு நகர வேண்டியதுதான், முந்தின நாள் தின்ற மரச்சீனிக் கிழங்குவரை வெளியே வந்துவிடும். அப்பன் பலமுறை ஏற்றிப் பார்த்தார். அந்தோணியாருக்கு நேர்ச்சையும் செய்து பார்த்தார். வயிறு மட்டும் மனம் மாறவில்லை. "கடலுக்கு இவனைப் பிடிக்கல்ல, நாம என்ன செய்ய?" என்று அம்மைதான் அவனைப் பிலாவிளையில் இருந்த தாய்மாமன் கடைக்கு அனுப்பிவைத்தாள். மார்த்தாண்டத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்து மேடு ஏறிப் போக வேண்டிய ஊர் அது.

கடைக்குப் பின்னால் ரப்பர் மரங்கள். மரங்களுக்கு நடுவில் சின்னச் சின்ன மரப்பெட்டிகள். பெட்டிக்குள் தேனீ; ஊர்ப்பேச்சில் வெறும் ஈ. ததேயுஸ் ஒருநாள் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். மறுநாளும் போய்க் குந்தியிருந்தான். அப்புறம் கடைக்குத் திரும்பவே இல்லை. கடல் தராததை ஈ தந்தது. நாற்பத்தைந்து வயதில் அவன் பிலாவிளை தேனீ வளர்ப்போர் மேம்பாட்டுச் சங்கத்தின் மூத்த களப்பணியாளன். பெரிய மீசை. பழைய சைக்கிள். பின்சீட்டில் புகை போடுகிற டப்பாவும் காய்ந்த தேங்காய்த் தொண்டும். வீடு வீடாகப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்து, ராணி ஈக்கு வயதாகிவிட்டதா, மழைக்காலத் தீனிக்குச் சீனிப்பாகு வைத்தார்களா என்று பார்த்துச் சொல்வதுதான் அவன் வேலை.

கட்டினவள் செசிலி. மார்த்தாண்டம் சந்தையில் மீன் விற்கிறவள். அவள் நாக்குக்கு முன்னால் நெய்மீன் அறுக்கிற கத்திகூடக் கொஞ்சம் மழுங்கல்தான். ஆனால் அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவு இருந்ததே இல்லை.

ரப்பர் தேனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. அந்தத் தேன் பூவிலிருந்து வருவதில்லை. தையில் இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கிற மரம் மாசியில் செம்பு நிறத்தில் துளிர்க்கும். அந்தக் கொழுந்து இலையின் காம்பில் இனிப்பு ஊறும். ஈ அதைத்தான் குடிக்கிறது. தேன்காரர்களுக்கு வருடம் முழுவதற்குமான அறுவடை அந்த ஒரு பருவம்தான். வீட்டு முற்றத்துப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பெரிய ரப்பர் தோட்டங்களுக்கு ஏற வேண்டும். தோட்டத்தில் யாருக்கு எந்த இடம் என்று சங்கம்தான் பிரித்துக் கொடுக்கும்.

அதற்கு ஒரு முறை இருந்தது. தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு சங்க ஹாலில் கூடுவார்கள். செக்ரட்டரி பெயரை விளிப்பார். பெயருக்கு உரியவர் ஹாலுக்குள் இருந்து கையைத் தூக்கி "உண்டு" என்று சொல்ல வேண்டும். மூன்று விளிக்குள் சத்தம் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். காய்ச்சலில் கிடந்தவனைக் கட்டிலோடு தூக்கி வந்து "உண்டு" சொல்ல வைத்த வருடமும் உண்டு. அத்தனை கறாரான சட்டம்.

வீட்டில் தேன்பெட்டி வைத்திருந்த பிந்துவின் சங்கடம் அங்கேதான் தொடங்கியது. அவள் புருஷன் ராஜகுமார் மஸ்கட்டுக்குப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. முற்றத்தில் இருந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். பெட்டிக்கால்களுக்கு அடியில் சிரட்டை வைத்து, எறும்பு ஏறாமல் தண்ணீர் ஊற்றுவாள். அடைமழையில் சீனிப்பாகு காய்ச்சி வைப்பாள். ஒரு கூட்டை இரண்டாகப் பிரிக்கவும் தெரியும். ஆனால் தோட்டம் ஏறும் பருவத்தில் மட்டும் பெட்டிகள் ராஜகுமாரின் சித்தப்பா மகன் கைக்குப் போய்விடும், ஹாலில் கை தூக்குகிறவன் அவன் என்பதால். அவனோ ஈக்கு என்று ஒரு துளி விடாமல் வழித்து எடுப்பவன். போன பருவம் முடிந்து பெட்டிகள் திரும்பி வந்தபோது பாதிப் பெட்டியில் ஈ இல்லை. ஆள் காலிசெய்துபோன வீட்டுக்குள் நுழைந்ததுபோல இருந்தது பிந்துவுக்கு.

"இந்த வருஷம் நானே தோட்டம் ஏறுகேன் அண்ணே. எனக்கு ஒரு இடம் வேணும்" என்று அவள் ததேயுசிடம் கேட்டாள்.

ததேயுஸ் சிரித்தான். "பொம்பளைக்குத் தோட்டமா? நல்ல காரியம். பூவும் பவுடரும் ஈக்கு ஆகாது மக்கா."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சங்கத்தில் எல்லாரும் சொல்வது அது. தனக்குச் சொல்லித் தந்ததை அவன் அப்படியே திருப்பிச் சொன்னான்.

சுனாமிக்கு அடுத்த மழைக்காலம் அது. அந்த வருடம் மாவட்டத்துக்குள் கால் வைக்காத தொண்டு நிறுவனம் இல்லை. சங்கத்துக்குத் அடையைச் சுழற்றித் தேன் எடுக்கும் எந்திரங்கள் வாங்கிக் கொடுத்த நாகர்கோவில் நிறுவனம் ஒன்று, கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலத் தொழில் சொல்லிக் கொடுக்கச் சங்கத்தின் களப்பணியாளர்கள் பழக வேண்டும். அதற்கு ஓர் ஆள் வந்து படித்துவிட்டுப் போய் மற்றவர்களுக்குப் படிப்பிக்க வேண்டும். யார் போவது என்று கூட்டம் போட்டார்கள். எல்லாரும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். ததேயுஸ் மட்டும் அங்கே இல்லை. அவன் ஒரு பிலாமரத்தின் உச்சியில், கூடு பிரிந்து போன ஈக்கூட்டத்தைச் சாக்கில் பிடித்துக்கொண்டிருந்தான். கூட்டத்துக்கு வராதவன் தலையில் வேலையைக் கட்டுவது சங்கத்தில் ஆதிகாலத்துப் பழக்கம்.

"ஏலே ததேயுசே," மரத்தடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தான் சுயம்புலிங்கம். அவனும் களப்பணியாளன், நெற்றியில் அய்யாவழிக்காரரின் நீளமான வெள்ளை நாமம், வாயில் எப்போதும் ஒரு கேலி. "ஒன்னைப் பொம்பளைகளுக்க கிளாசுக்கு எழுதிப் போட்டாச்சு. எறங்கி வந்து சேலை எடு."

வீட்டில் செசிலி கேட்டாள்: "என்ன படிக்கப் போறிய?"

"ஆணும் பெண்ணும் ஒப்பம்னு படிக்கணுமாம்."

"அதுக்கு நாகர்கோவில் வரை எதுக்கு? சந்தைக்கு வந்து எனக்கப் பக்கத்துல இருங்க. பஸ்சுக் கூலி இல்லாம நான் படிப்பிச்சுத் தாறேன்."

நாகர்கோவிலில் பாடம் எடுத்தவர் இசபெல் டீச்சர். குட்டையான ஆள், ஆனால் குரல் பின்வரிசையில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும். நெல், வாழை, தேன் என்று பல சங்கங்களிலிருந்து ஆண்கள் வந்திருந்தார்கள். முதல் நாள் முழுவதும் ததேயுசுக்குக் கொட்டாவிதான். இரண்டாம் நாள் டீச்சர் நாடகம் போடச் சொன்னார். வாழைச் சங்கத்து ஆள் ஒருவன் அதிகாரி. ததேயுஸ் வீட்டுக்காரி. அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, மீசையை ஒரு கையால் மறைத்தபடி வாசலில் நிற்பதுபோல நின்றான். எல்லாரும் கைதட்டினார்கள்.

அதிகாரி வந்தான். "வீட்டுல ஆரும் இல்லியா?"

"ஆரும் இல்ல சார். அவரு வந்த பொறவு வாருங்க" என்றான் ததேயுஸ். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாயில் தானாக வந்தது.

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. இசபெல் டீச்சரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "அதான் நீங்க நிக்கியளே அண்ணே. நீங்க ஆரு?"

ததேயுஸ் தலையில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். எத்தனை வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி அவன் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறான்! எத்தனை பெண்கள் அதே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள்! அவனும் "சரி, அப்புறம் வாறேன்" என்று பெடலை மிதித்துப் போயிருக்கிறான். சீனிப்பாகு வைக்கிறவளை வாசலில் நிறுத்திவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் தெரியாதவனைத் தேடி டீக்கடை டீக்கடையாக அலைந்திருக்கிறான்.

திரும்புகிற பஸ்சில் அம்மையின் நினைப்பு வந்தது. இனயம் கரையில் மீனுக்கு விலை பேசுகிறவள் அம்மைதான். அப்பன் வலையை மடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்பார். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பிலாவிளைக்கு வந்ததும் எப்படி மறந்துபோனது என்று அவனுக்கே விளங்கவில்லை. மார்த்தாண்டத்தில் இறங்கும்போது ஒரு தீர்மானம் எடுத்திருந்தான். பிந்துவுக்கு இந்தப் பருவம் ஓர் இடம் வாங்கிக் கொடுப்பது. அதற்குமுன் பெண்களுக்கு ஒரு வகுப்பு வைப்பது.

ஆர்வம் வந்தவனுக்குக் கண் தெரியாது. வகுப்பை அவன் ஒரு கல்யாணம்போல ஏற்பாடு செய்தான். அழைப்பு அடித்தான். பந்தல் போட்டான். பேனர் கட்டினான். மைக்செட் வாடகைக்கு எடுத்தான். இப்படியெல்லாம் கூப்பிட்டால் எந்தப் பெண்தான் வெறுந்தலையோடு வருவாள்? பெண்கள் டிரங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டி, தோவாளைப் பிச்சிப்பூவை முழம் முழமாக வைத்து, கழுத்துவரை பவுடர் போட்டுக்கொண்டு வந்தார்கள். பந்தலுக்குள் நுழைந்தால் கோவில் கொடைவிழாவுக்குள் நுழைந்த மணம். ததேயுசுக்கு ஒரே பெருமை. மைக்கில் ஒருபாடு நேரம் பேசிவிட்டு, பெண்கள் சுற்றி நிற்க, சங்கத்துப் பெட்டியின் மூடியைத் திறந்தான்.

ஈ ஒரு நிமிடம் யோசித்தது. அப்புறம் கிளம்பியது.

பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒரு பக்கம், செருப்புகள் ஒரு பக்கம். குடையை விரித்து உள்ளே ஒளிந்தவர்களும் உண்டு, பேனரை இழுத்துப் போர்த்திக்கொண்டவர்களும் உண்டு. மைக் அணையவில்லை. "அய்யோ மாதாவே, அய்யோ மாதாவே" என்று ததேயுஸ் கத்தியது அடுத்த ஊர்வரை கேட்டது. நல்ல காலம், அங்கங்கே இரண்டு கொட்டு வாங்கி வீங்கியதோடு முடிந்தது.

சுயம்புலிங்கம் வாழைமூட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். செக்ரட்டரி ஆன்ட்ரூஸ் சிரிக்கவில்லை. அவர் துபாயில் பத்துப் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். சட்டையில் மடிப்புக் கலையாமல் நடப்பவர். "கண்டாச்சு இல்லியா ததேயுசே? நான் சொன்னா பெண்ணுகளுக்கு எதிரிம்பாங்க. அந்தப் பிந்துவுக்கு இடம் கேட்டியே, இனி அந்தப் பேச்சை எடுக்காண்டாம்" என்றார்.

அன்று சாயங்காலம் ததேயுஸ் பிந்துவின் வீட்டுக்குப் போனான். அவள் பெட்டிக்கால் சிரட்டைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"மன்னிக்கணும் பிந்து. ஈ கொத்திப் போட்டுதே."

"எனக்க ஈ என்னைக் கொத்தாது. இது சங்கத்துக்க ஈ" என்றாள் பிந்து. செம்பைக் கீழே வைத்தாள். "ஒரு காரியம் கேக்கட்டா அண்ணே? புதுசாட்டு வாற ஆம்பிளைகளுக்கு முதல் கிளாசுல என்ன சொல்லுவிய?"

"தலைக்கு வாசனை எண்ணெ தேய்க்காத, சென்ட் அடிக்காத, கறுத்த சட்டை இடாத, வேர்வையோட வராத... இதுதான்."

"எங்களுக்கு என்ன சொன்னிய?"

ததேயுஸ் யோசித்தான். மீசையைத் தடவினான். "அன்புடன் வரவேற்கிறோம்னு சொன்னேன்."

பிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். வீங்கின கன்னம் வலித்தது. "ஆ" என்று பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். ததேயுசும் சிரித்தான். "நான் தெனமும் வெறுந்தலையோடதான் பெட்டி தொறக்கேன் அண்ணே. இண்ணைக்கு மைக்கும் பேனரும் கண்டு விழாண்ணுல்லா பூ வச்சேன். ஆம்பிளைக்குச் சொல்லுகதை எங்களுக்கும் சொல்லியிருந்தா இந்தச் சீரழிவு உண்டா?"

நியாயமான கேள்வி. தப்பு பூவின் மேலும் இல்லை, பெண்களின் மேலும் இல்லை. ஆண்களிடம் தொழில் பேசியவன் பெண்களிடம் உபசாரம் பேசியிருக்கிறான். ததேயுஸ் வீட்டுக்குப் போய் அதை அப்படியே செசிலியிடம் சொன்னான். "ஒரு வழியாட்டு நாகர்கோவில் பாடம் தலையில ஏறிச்சு" என்றாள் அவள்.

முதலில் பழக வேண்டியது பெண்கள் இல்லை, சங்கத்து ஆண்கள்தான் என்று ததேயுஸ் முடிவு செய்தான். சனிக்கிழமைதோறும் களப்பணியாளர்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்தான். மட்டி வாழைப்பழமும் பால் விடாத கட்டன் சாயாவும் உண்டு என்று ஆசை காட்டித்தான். அங்கே செசிலி வீட்டுக்காரியாக வாசலில் நிற்பாள். ஒவ்வொருத்தனாக வேலிப் படலையைத் திறந்து வந்து அவளிடம் பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும். முதலில் சுயம்புலிங்கம்.

"செசிலி, அண்ணன் இருக்காரா?"

"அவுட்டு" என்றான் ததேயுஸ் உள்ளேயிருந்து. "மறுபடியும் படலையில இருந்து வா."

சுயம்புலிங்கம் திரும்பிப் போய் மறுபடி வந்தான். தொண்டையைச் செருமினான். முற்றத்துப் பிலாமரத்தைப் பார்த்துக்கொண்டே, "மழை பெய்யுது... பாகு வைக்கணும்... ஒரு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணி..." என்று ஒப்பித்தான்.

"பிலாமரத்துக்கா கிளாஸ் எடுக்கிய?" என்றாள் செசிலி. "அது ஒத்தப் பெட்டிகூட வளக்கல்ல. பெட்டி எனக்கதாக்கும். மூஞ்சியைப் பாத்துப் பேசணும். நான் என்ன, கொத்திப் போடுவேனா?"

"ஒன்னை நம்ப முடியாது அம்மா" என்றான் சுயம்புலிங்கம்.

சிரிப்புக்கு நடுவேதான் பழகினார்கள். வந்ததும் பெண்ணின் பெயரைக் கேட்பது. பெட்டியை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பது. கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பது. சுயம்புலிங்கத்துக்கு இந்தக் கடைசிப் பாடம்தான் ரொம்பக் கஷ்டம். நாலு சனிக்கிழமை ஆனது அதற்கு.

அடுத்த வகுப்பு மைக்கும் பந்தலும் இல்லாமல் பிந்துவின் முற்றத்தில் நடந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, உலை வைப்பதற்கு முன்னால். அந்த நேரத்தையும் பெண்களே குறித்தார்கள். பூ வைக்காதே, பவுடர் போடாதே என்று சுயம்புலிங்கமே வீடு வீடாகப் போய், முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தான். சிலர் அப்படியும் பூவோடு வந்தார்கள். படலைக்கு வந்ததும் கழற்றி வேலியில் தொங்கவிட்டார்கள், போகும்போது வைத்துக்கொள்ளலாம் என்று. வேலி பூத்ததுபோல இருந்தது. பிந்து பெட்டியைத் திறந்தாள். ஈ தன் பாட்டுக்குத் தன் சோலியைப் பார்த்தது.

செக்ரட்டரி ஆன்ட்ரூஸ் பார்வையிட வந்தது அன்றைக்குத்தான். அவரை யாரும் அழைக்கவில்லை. குறை கண்டுபிடிக்கலாம் என்று அவரே வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. படலைக்கு வெளியே நிற்கும்போதே துபாய்ச் சென்ட் முற்றத்துக்குள் வந்துவிட்டது.

"செக்ரட்டரி, அங்ஙனயே நில்லுங்க!" என்று பிந்து கத்தினாள்.

அவர் நின்றால்தானே. இரண்டு அடி எடுத்து வைத்தார். அப்புறம் அவர் ஓடிய ஓட்டத்தைப் பிலாவிளை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. மரச்சீனித் தோட்டம் தாண்டி, வாழை தாண்டி, வயல் தொளிச் சேற்றுக்குள் முழங்கால்வரை இறங்கி நின்றார். ததேயுஸ் புகை டப்பாவோடு பின்னாலே ஓடி ஈயை விரட்டினான். ஆன்ட்ரூசுக்கு மூக்கு நுனியில் ஒரே ஒரு கொட்டு. சேறும் சகதியுமாக அவர் கரையேறி வந்தபோது, சிரிக்கலாமா கூடாதா என்று பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் சிரித்தது அவர்தான். கனத்த மனுஷன், உடம்பு குலுங்கச் சிரித்தார். "ஈக்கு ஆணும் தெரியல்ல பெண்ணும் தெரியல்ல, மணம்தான் தெரியுது போல. செரி பிந்து, ஒனக்கு இடம் வேணும். அவ்வளவுதானே? பேரை எழுதுகேன். ஆனா சட்டத்தை மாத்தமாட்டேன். ஹாலுக்குள்ள இருந்து கை தூக்கணும். மூணு விளிதான்."

"நான் வருவேன் செக்ரட்டரி" என்றாள் பிந்து.

இடம் பிரிக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹால் முழுக்க ஆண்கள். பிந்து பின்வரிசையில் ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அந்த ஹாலில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. ஆனால் பெண்கள் வராமலும் இருந்ததில்லை. ஹாலுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பு ஒன்று உண்டு, அங்கே நின்று எல்லாருக்கும் சாயா போடுவார்கள். பிந்து போன இரண்டு வருடமும் அங்கேதான் நின்றாள். உள்ளே அவள் பெட்டிகளுக்கு இன்னொருத்தன் "உண்டு" சொல்லும்போது அவள் சாயா ஆற்றிக்கொண்டிருந்தாள்.

பெயர் விளிக்கத் தொடங்கினார்கள். ததேயுஸ் முன்வரிசையில் இருந்தான். ஏதோ ஒரு நினைப்பில் திரும்பிப் பார்த்தான். பிந்துவின் நாற்காலி காலி.

அவன் எழுந்து பின்பக்கமாக ஓடினான். சாய்ப்பில் பெரிய பாத்திரத்துக்கு முன்னால் பிந்து கரண்டியோடு நின்றாள்.

"ஏட்டி, இஞ்ச என்ன செய்யுத? ஒனக்க பேரு இப்ப வரும்!"

"முன்னால ஒருத்தரு திரும்பிப் பாத்து, சாயா ஆகல்லியாண்ணு கேட்டாரு அண்ணே. நான் எழும்பி வந்துட்டேன்." அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "கால் தன்னால வந்துட்டு. இப்ப பால் பொங்க வருது, விட்டுட்டு எப்பிடி வர?"

உள்ளே ஆன்ட்ரூசின் குரல் கேட்டது. "பிந்து ராஜகுமார்! ஒண்ணு!"

அங்கேதான் ததேயுஸ் படித்த படிப்பெல்லாம் ஒன்றுகூடி வந்து உதவியது. அவன் அறிவுரை சொல்லவில்லை. கரண்டியைப் பிடுங்கினான். "நீ போ. பால் எனக்க பாடு."

"நீங்க சாயா போட்டிருக்கியளா?"

"அதை இப்ப கேக்காத. ஓடு!"

"பிந்து ராஜகுமார்! ரெண்டு!"

பிந்து ஓடினாள். ததேயுஸ் ஒரு காதை ஹாலுக்கும் ஒரு கண்ணைப் பாலுக்கும் வைத்துக்கொண்டு நின்றான். இரண்டையும் அவன் கவனித்தான் என்று சொல்ல முடியாது. பால் பொங்கி அடுப்புக்குள் வழிந்தது. அதை அணைக்கிறேன் என்று பக்கத்தில் கிடந்த பச்சைத் தேங்காய்த் தொண்டு ஒன்றை எடுத்து அடுப்புக்குள் போட்டான். ஈக்குப் புகை போட்டே பழகிய கை அது.

"பிந்து ராஜகுமார்! மூ—"

"உண்டு!"

குரல் வாசலிலிருந்து வந்தது. அவள் மூச்சிரைத்துக்கொண்டு நின்றாள், கையைத் தலைக்குமேல் தூக்கியபடி. யாரோ ஒருத்தன், ராஜகுமாரின் அந்தச் சித்தப்பா மகன்தான், "வாசல்ல நிண்ணு சொன்னா கணக்கு இல்ல. ஹாலுக்குள்ள இருக்கணும்" என்றான்.

சுயம்புலிங்கம் எழுந்தான். "ரெண்டு காலும் படிக்கு இந்தப் பக்கம்தான். நான் பாத்தேன். நீ வேணும்னா குனிஞ்சு பாரு" என்றான். பிறகு அவன் பிந்துவின் பக்கம் திரும்பினான். பிலாமரம், கூரை, தரை என்று எங்கேயும் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, "பிந்து, ஒனக்கு எந்த இடம் வேணும்? ஓடைப் பக்கமா, மேட்டுப் பக்கமா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்து நின்றான்.

"ஓடைப் பக்கம். ஈக்குத் தண்ணி வேணும்" என்றாள் பிந்து.

ஆன்ட்ரூஸ் எழுதினார்.

அந்த நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாகப் புகை ஹாலுக்குள் புகுந்தது. தொண்டுப் புகை, கண் எரிந்து எல்லாரும் இருமினார்கள். "ஏலே ததேயுசே!" என்று சுயம்புலிங்கம் கத்தினான். "நாங்க என்ன ஈயா? புகைச்சு மயக்கிட்டுத் தேன் எடுக்கப் போறியா?"

கொஞ்ச நேரத்தில் புகைக்குள்ளிருந்து ததேயுஸ் வந்தான், மீசையில் சாம்பலோடு, தட்டு நிறைய சாயாவோடு. ஆன்ட்ரூஸ் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "இது சாயாவா, தொண்டு ஊறப்போட்ட தண்ணியா?" ஆனாலும் எல்லாரும் குடித்தார்கள். பிந்துவும் குடித்தாள், நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு.

அந்த மாசியில் பிந்துவின் பெட்டிகள் தோட்டம் ஏறின. ஓடைப் பக்கம், செம்புத் துளிருக்கு அடியில். அவள் ஈக்குரியதை ஈக்கு விட்டுவிட்டு மீதியை எடுத்தாள். பருவம் முடிந்து இறங்கும்போது ஒரு பெட்டியும் காலி இல்லை.

அதற்குப் பிறகும் சங்கம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. முணுமுணுத்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் அடுத்த வருடம் ஹாலில் ஒரு வரிசைப் பெண்கள் இருந்தார்கள். அதற்கடுத்த வருடம் களப்பணிக்கு ஒரு பெண்ணை எடுத்தார்கள். சாயாவுக்கு முறை வைத்தார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும். ததேயுசின் முறை வருகிற நாளில் பாதிப்பேர் வீட்டிலிருந்தே சாயா குடித்துவிட்டு வருவார்கள். அவன் யார் சொல்லியும் கேட்கவில்லை. தன் முறையை ஒருநாளும் செசிலிக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. "படிச்ச பாடத்தை விடப்பிடாது" என்பான். "பாடம் செரி, கொஞ்சம் தேயிலையும் போடுங்க" என்பாள் அவள்.

ஆறேழு வருடம் கழித்து ராஜகுமார் மஸ்கட்டிலிருந்து நிரந்தரமாக வந்துவிட்டான். அந்த மாசியில் தோட்டத்தில் பார்த்தால், பிந்து தேனடையைச் சீவுகிறாள், அவன் பக்கத்தில் நின்று புகை போடுகிறான். "மெல்ல ஊதுங்க, ஈக்கு மூச்சு முட்டும்" என்று அவள் அதட்ட, அவன் தலையாட்டுகிறான். ததேயுஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்தான். தோட்டத்திலும் அன்றைக்குச் சாயா முறை அவனுடையது. தூக்குவாளியைத் திறந்து ஊற்றினான். புகை மணம் குப்பென்று வந்தது. ராஜகுமார் தம்ளரைக் கையில் வாங்கிப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

பிந்து சிரித்துக்கொண்டே எந்திரத்தின் குழாயடிக்குப் போனாள். இலைக்காம்பில் ஊறிய புதுத்தேன் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு கரண்டி பிடித்து வந்து தம்ளர்களில் விட்டுக் கலக்கினாள். தனக்கும் ஒரு தம்ளர் எடுத்துக்கொண்டு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள்.

"இண்ணைக்குத்தான் அண்ணே ஒங்க சாயா தொண்டைக்குள்ள எறங்குது" என்றாள்.

ததேயுஸ் மீசையை முறுக்கிக்கொண்டு இன்னொரு தம்ளர் ஊற்றினான்.